ஒற்றைப்படை ஓவர்கள்

அத்தியாயம் 4

கிளீட்டஸ் பீடி குடிக்கமாட்டார், சிகரெட்டும் கிடையாது. ஆனாலும் அவருடைய சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு தீப்பெட்டி இருக்கும். ரெனிஷா வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மர்மத்தைத் துப்பறியப் பார்த்து மூன்று மாதத்தில் கைவிட்டாள். கொசுவத்தி கொளுத்த அவள் பெட்டியை இரவல் கேட்டால், "குச்சிய ரெண்டா ஒடிச்சுப் போடு" என்று மட்டும் சொல்லுவார். அவரும் அப்படித்தான், அணைந்த குச்சியை ஒடிக்காமல் கீழே போடமாட்டார்.

இரணியல் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பேக்கரியின் மாடிதான் அவர்களுடைய விசாரணை நிலையம். துப்பறியும் நிலையம் என்றதும் கொலை, கொள்ளை, வைரக் கடத்தல் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம். வருகிற கேஸில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. துபாய் மாப்பிள்ளை நிஜமாகவே சூப்பர்வைசரா, அல்லது சூப்பர்வைசருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறவரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ரெனிஷாவுக்கு ஊர் அருமனை. தக்கலையில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடுதி காலியாகிவிடும். அன்று சாயங்காலம் சும்மா பேசுவதற்காக ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கிளீட்டஸுக்கு போன் போடுவாள். நாலு மணியிலிருந்து அவர் போன் அணைந்திருக்கும்.

"ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு சாருக்கு மட்டும் கரண்ட் கட்டு" என்று திங்கட்கிழமை கிண்டல் செய்வாள். ஐம்பது தாண்டிய ஆள், தனியாக இருக்கிறார், ரசம்கூட தானே வைத்துக் குடிக்கிறார் என்பதைத் தவிர அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை காலை படியேறி வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பெயர் பிரிஜா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒருத்தரப் பத்தி விசாரிக்கணும்."

"மாப்பிள்ளையாக்கும்?" என்றாள் ரெனிஷா.

"மாப்பிள்ளதான். ஆனா வேண்டாம்னு சொல்லதுக்கு இல்ல. வேணும்னு சொல்லதுக்கு."

ரெனிஷாவுக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துப்போனது. வேண்டும் என்று சொல்வதற்காக விசாரிக்க வந்த முதல் ஆள் இவள்தான்.

விஷயம் இது. பிரிஜாவுக்கு நிச்சயித்த பையன் லிஜோ, மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறவன். அவர்கள் ஊர் வேதக்கோயில் திருவிழாவுக்கு டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமென்ட் நடக்கும். போன ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். ஊர் அணி மூன்று ஓட்டத்தில் தோற்றது. லிஜோ கடைசிவரை அவுட்டாகாமல் நின்றான், ஆனால் ஓட வேண்டிய ஓட்டங்களை ஓடவில்லை. வேண்டுமென்றே ஆமை மாதிரி ஆடினான், எதிர் அணிக்கு விலைபோய்விட்டான் என்று ஊர் பேசுகிறது. நாளைக்குக் காலைப் பூசையில் அவர்களுடைய முதல் கல்யாண ஓலையை, ஊருக்குச் சொல்லும் திருமண அறிவிப்பை, வாசிக்க வேண்டும். வாசிக்க வேண்டாம் என்று இன்று சாயங்காலமே பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லப் போகிறார் பிரிஜாவின் அப்பா.

"விலைபோனவனுக்குப் பெண்ணு இல்லேன்னுட்டாவ. லிஜோட்ட கேட்டா, நான் விலைபோவல்ல, இதுக்கு மேல கேக்காதேங்கான். கேக்காம எப்பிடி அக்கா இருக்கது?"

அதுவரை ஜன்னல் பக்கமாக நின்ற கிளீட்டஸ் திரும்பினார். "எந்த ஊரு?"

"சூசைத்துறை."

அவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இது நமக்கு வேண்டாம் ரெனிஷா. எனக்குக் கிரிக்கெட் தெரியாது."

"எனக்குத் தெரியும் சாரே. நீங்க பேசாம நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு ரெனிஷா நாற்காலியை இழுத்துப் போட்டு பிரிஜாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முதலாளி வேண்டாம் என்ற கேஸை அவள் எடுத்தது இதுதான் முதல் தடவை.

இப்போதெல்லாம் கடற்கரை ஆட்டத்துக்கும் பந்துக்குப் பந்து கணக்கு போனில் ஏறிவிடுகிறது. ரெனிஷா அதைத் திறந்தாள். எதிர் அணி பத்து ஓவரில் தொண்ணூற்றாறு. ஜெயிக்க வேண்டியது தொண்ணூற்றேழு. எடுத்தது தொண்ணூற்றுமூன்று. லிஜோ முப்பத்திரண்டு பந்தில் ஐம்பத்திரண்டு.

"கணக்குல அவன்தான் கூடுதல் அடிச்சிருக்கான். பின்னே என்ன குத்தம்?" என்றார் கிளீட்டஸ்.

"இருங்கோ. உங்களுக்கு முதல்ல பாடம் எடுக்கணும். ஒரு தொட்டி நிறைக்கணும், பத்து நடைதான் நடக்கலாம்னு வச்சுக்கோங்கோ. ஒரு நடையில காலிக் குடத்தோட வந்தா, பாக்கி நடையில கூடுதல் கொண்டு வரணும் இல்லியா? அதாக்கும் வேண்டிய ரேட்டு. நடைக்குப் பதிலா ஓவர், தண்ணிக்குப் பதிலா ஓட்டம்."

"நேரம் போகப் போக அது ஏறுமா?"

"நேரத்துக்கும் அதுக்கும் ஒரு பந்தமும் இல்ல. பந்து போனாத்தான் ஏறும். மழ பெஞ்சு ஆட்டம் நின்னா ரேட்டும் அப்பிடியே நிக்கும்."

தொடக்கத்தில் ஓவருக்கு ஒன்பதே முக்கால் கிட்டத்தட்ட வேண்டியிருந்தது. லிஜோ தனியாக அடித்த வேகத்தைக் கணக்குப் போட்டால் அதுவும் ஓவருக்கு ஒன்பதே முக்கால்தான். "இதத்தான் நான் அப்பாட்ட சொன்னேன்" என்றாள் பிரிஜா. "வேண்டிய அளவுக்கு அடிச்சிருக்கான்னு. அவரு ஏழாவது ஓவரப் பாருன்னாரு."

ஏழாவது ஓவரைப் பார்த்ததும் ரெனிஷாவின் முகம் சுருங்கியது. ஆறு பந்தும் லிஜோதான். இரண்டே ஓட்டம். அதற்கு முன்னால் ஓவருக்குப் பத்து போதும் என்றிருந்தது, அந்த ஒரே ஓவரில் பதின்மூன்றுக்கு ஏறிவிட்டது. ஒன்பதாவது ஓவரிலும் இதே கூத்து, அதற்குப் பிறகு கடைசி ஓவரில் இருபத்துமூன்று வேண்டும் என்றாகிவிட்டது. மறுமுனையில் நின்ற ஷிபின் ஓடி வரக் கூப்பிட்டும் லிஜோ கையைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறான். அப்படி ஓடாமல் விட்டது ஐந்து ஓட்டம். நாலு ஓடியிருந்தால் கப்பு சூசைத்துறைக்கு.

"தானும் அடிக்கல்ல, கூட்டாளியையும் அடிக்க விடல்ல" என்று ரெனிஷா முணுமுணுத்தாள். பிரிஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் கிளீட்டஸ். "ஒவ்வொரு ஓவர் முடிஞ்சதும் எல்லாவனும் எதுக்கு இடம் மாறுகானுவ?"

கிரிக்கெட் தெரிந்த எவனும் கேட்காத கேள்வி. ரெனிஷா சிரித்துவிட்டாள். "சாரே, ஒரு ஓவர் அந்தப் பக்கத்துல இருந்து எறிவானுவ, அடுத்தது இந்தப் பக்கத்துல இருந்து."

"அப்போ மட்ட பிடிக்கவன் ஒரு ஓவர் வடக்க பாத்து நின்னா, அடுத்த ஓவர் தெக்க பாத்து நிப்பான்."

"ஆமா."

"பின்னே கணக்க மட்டும் எதுக்கு ஒண்ணா கூட்டி வச்சிருக்கிய? ரெண்டா வெட்டிப் பாரு."

ரெனிஷா சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தாள். ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது ஓவர்களில் லிஜோ ஆடியது பதினேழு பந்து, எடுத்தது ஆறு ஓட்டம். ஆறாவது, எட்டாவது, பத்தாவது ஓவர்களில் பதினைந்து பந்து, நாற்பத்தாறு ஓட்டம். அவள் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள், மாறவில்லை.

"ஒரே சட்டைக்குள்ள ரெண்டு ஆளு" என்றாள். "ஒருத்தன் குழந்த மாதிரி தட்டுகான், மத்தவன் பேய் மாதிரி அடிக்கான். ஒண்ணாக் கூட்டினா நல்ல பிள்ளையாத் தெரியுது."

"விலைபோனவன் என்ன செய்வான்?"

"முதல் பந்துலயே அவுட்டாயிட்டு வந்து ஜூஸ் குடிப்பான். அதுதான் சுகம். கடைசிவர நின்னு நாப்பத்தாறு அடிச்சு தோக்கதுக்கு எவனும் விலை குடுக்கமாட்டான்." பிரிஜாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. ரெனிஷா போனில் பழைய ஆட்டங்களைத் தேடினாள். அந்த மைதானத்தில் முதல் ஓவரை எப்போதும் ஐஸ் பிளான்ட் பக்கத்திலிருந்துதான் போடுவார்கள் என்று பிரிஜா சொன்னதால் வேலை சுலபமாகப் போய்விட்டது. "சாரே, இதப் பாருங்கோ. முந்தின ரெண்டு ஞாயித்துக்கிழம ஆட்டத்துலயும் இதே கததான். ஒற்றப்பட ஓவர்ல ஒண்ணும் அடிக்கல்ல. ஆனா அன்னைக்கு எடுக்க வேண்டியது அறுபது, எழுபது. சின்னக் கணக்கு. இவன் பாதி ஓவர் தூங்கினாலும் ஜெயிச்சானுவ, யாரும் கவனிக்கல்ல. ஃபைனல்ல கணக்கு பெரிசாச்சு, மாட்டிக்கிட்டான். செமிஃபைனல் சனிக்கிழம. அதுல ஒற்றப்பட ஓவர்ல மூணு சிக்ஸ்."

"ஞாயித்துக்கிழம மட்டும்?"

"ஞாயித்துக்கிழம மட்டும். இவன் பேட்டு பண்ண வாரதெல்லாம் நாலு மணிக்குப் பிறகு."

கிளீட்டஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையில் கிடந்த ஒரு எரிந்த குச்சியை எடுத்து, ஏற்கெனவே பாதியாக இருந்ததை இன்னும் பாதியாக ஒடித்தார். பிறகு எழுந்து வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "வா. அந்த மைதானத்துல, அவன் நின்ன இடத்துல நீ நிக்கணும். ஒற்றப்பட ஓவர்ல அவனுக்கு இடது பக்கம் என்ன இருக்குன்னு பாத்துட்டு வா."

"நீங்க?"

"நான் டீக்கடையில நிப்பேன்."

நின்றார். ஆனால் அந்த வேகாத வெயிலில் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு, கையில் டீயை வைத்துக்கொண்டு நின்றார். "சாரே, டீய எந்த வழியா குடிப்பியோ?" என்று கேட்டுப் பார்த்தாள் ரெனிஷா. "போ பிள்ளே" என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

மைதானம் என்றால் கோயிலுக்கும் ஐஸ் பிளான்டுக்கும் நடுவில் கிடக்கிற மணல்தான். நடுவில் மட்டும் செம்மண் போட்டு இறுக்கியிருந்தார்கள். ரெனிஷா கோயில் பக்கத்து ஸ்டம்ப் இருந்த இடத்தில் நின்று ஐஸ் பிளான்டைப் பார்த்தாள். வலது பக்கம் கடல். இடது பக்கம் இடுப்பளவு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் வரிசையாகச் சிலுவைகள். கல்லறைத் தோட்டம். வலது கைக்காரன் சுகமாகச் சுழற்றி அடித்தால் பந்து போய் விழுகிற இடம் அதுதான். முனை மாறி நின்றால் அந்த அடியெல்லாம் கடலுக்குப் போகும்.

சுண்ணாம்புப் பொடியால் எல்லைக் கோடு போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். அறுபது வயது, நல்ல வாட்டசாட்டம். "யாருக்க ஆளு?"

"பிரிஜா வீட்டுல இருந்து விசாரிக்க வந்தேன்."

"நான் ஜஸ்டஸ். டோர்னமென்ட் கமிட்டி தலைவர், அம்பயரும் நான்தான். விசாரிக்க என்ன இருக்கு? எனக்க கண்ணு முன்னாலதான் அவன் ஓடாம நின்னான். நாளைக்குக் கல்யாணம் ஆனவனுவளுக்கும் ஆகாதவனுவளுக்கும் ஆட்டம் இருக்கு. அவன் பேர வெட்டணும்னு இருக்கேன்."

"அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் பந்து போனா என்ன மாமா?"

"சிக்ஸ். ஆனா அடிச்சவன்தான் எடுக்கணும். செருப்பக் கழத்திட்டு, சிலுவ போட்டுட்டு உள்ள போவணும், வேற எவனும் போவப்பிடாது. அவன் வாரது வர ஆட்டம் நிக்கும். பிள்ளைய எல்லாம் மதிலுல ஏறி நின்னு எட்டிப் பாக்கும். கல்லறையில எவனும் சவுட்டி மிதிக்கப்பிடாதுன்னு நானும் மதிலுகிட்ட போய் நிப்பேன்." அவர் பொடி டப்பாவைக் கீழே வைத்தார். "எனக்க தங்கச்சி அங்கயாக்கும் கெடக்கா. ராகேல்."

ரெனிஷா மதிலுக்கு அப்பால் பார்த்தாள். அவர் தானாகவே பேசினார். சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது.

"அவ குவைத்துல நர்சா இருந்தா. கெட்டினவன் இஞ்ச இருந்து ஆள விட்டு அவளப் பத்தி விசாரிச்சான். சந்தேகம். அவளுக்கு அது தெரிஞ்சுபோச்சு. நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டா, சாவுகது வர திரும்பிப் போவல்ல. அடக்கத்துக்கு வந்தான் அவன். கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டேன். இந்த மண்ணுல கால வச்சா ஒடிப்பேன்னு சொன்னேன். பிறகு வந்ததில்ல."

ரெனிஷா செருப்பைக் கழற்றி மதிலோரம் வைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குள் போனாள். ராகேலின் கல்லறை மதிலிலிருந்து இரண்டாவது வரிசையில் இருந்தது. வெள்ளையடித்த சிமென்ட், ஒரு சிறிய சிலுவை. தலைமாட்டில் மெழுகுதிரி உருகி உருகிக் கட்டியாக உறைந்திருந்தது. பக்கத்து மணலில் தீக்குச்சிகள் கிடந்தன. பழையது, புதியது, மழையில் ஊறியது, நிறைய. எல்லாம் இரண்டாக ஒடிக்கப்பட்ட குச்சிகள்.

அவள் அப்படியே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டாள். கரண்ட் கட்டு, டீய எந்த வழியா குடிப்பியோ என்று தான் அடித்த கிண்டல் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அழுகையும் வந்தது. அவள் பாட்டுக்கு விடுதி ஜன்னலில் உட்கார்ந்து போன் அடித்துக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மனிதர் இங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"அக்கா." கேட்டுக்கு வெளியே கையில் கிரீஸோடு ஒரு இளைஞன் நின்றான். "யாரத் தேடுகியோ?"

"நீதான் லிஜோவா? உன்னத்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு இஞ்ச ஒருத்தர் வருவாரு. நீ பேட்டு பிடிச்சு நிக்கும்போ உனக்கு நேரா தெரிவாரு. பந்து இந்தப் பக்கம் வந்தா ஆட்டம் நின்னு ஊரு முழுக்க இஞ்ச திரும்பும், ஜஸ்டஸும் வருவாரு. ஷிபினுக்கும் இந்தப் பக்கம் அடிக்கத்தான் தெரியும், அதனால அவனுக்கும் நீ விட்டுக் குடுக்கல்ல. சரியா?"

அவன் ரொம்ப நாள் சுமந்ததை இறக்கி வைத்தவன் மாதிரி மூச்சு விட்டான்.

"ஒரு தடவ பந்து எடுக்க மதில் சாடி உள்ள போனேன் அக்கா. யாரும் இல்லாத நேரம், சும்மா பழகிட்டு இருந்தோம். அவரு முழங்கால்ல நின்னு அழுதுட்டு இருந்தாரு. என்னக் கண்டதும் நடுங்கிட்டாரு. நான் பந்த எடுத்துட்டு வந்துட்டேன். எனக்க அம்ம கெடையில கெடந்தப்ப ராகேல் சித்திதான் தினமும் வந்து புண்ணு கெட்டுனது. கடைசியில சித்திக்கு முடியாம வந்தப்ப என்னட்ட சொல்லிச்சு, அவரு ஒரு நாளு வருவாரு மக்கா, வெரட்டாதியோன்னு."

"பிரிஜாட்ட சொல்லலாம்ல? நாளைக்கு ஓலை."

"சொன்னா, எனக்காக அவ அப்பாட்ட சொல்லுவா. அவரு ஜஸ்டஸ் மாமாட்ட சொல்லுவாரு. அதோட அந்த மனுசனுக்கு வாரத்துல இருக்க ஒரு நேரமும் போச்சு. கப்பு அடுத்த வருசமும் வரும் அக்கா."

"பிரிஜா அடுத்த வருசம் வருவாளா?"

லிஜோ கையிலிருந்த கிரீஸைத் துடைத்துத் துடைத்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீக்கடையில் கிளீட்டஸின் டீ ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. ரெனிஷா பக்கத்தில் உட்கார்ந்து, பெஞ்சின் மேல் ஒரு ஒடிந்த குச்சியின் இரண்டு பாதிகளை வைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்குக் கிண்டல் ஒன்றும் வரவில்லை.

"கழத்துங்கோ சாரே. போதும்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் முழுக்க வியர்வை. "நாலு மணிக்கு ஆட்டம் நடக்கும், எல்லாவனுக்க கண்ணும் பந்துலதான் இருக்கும், எவனும் கல்லறைப் பக்கம் திரும்பமாட்டான்னு நெனச்சேன். பின்பக்கத்து ஓடை வழியா வந்து போவேன். நீ ஞாயித்துக்கிழமன்னு சொன்னதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒருத்தன் மட்டும் திரும்பிப் பாத்திருக்கான்."

"அவனுக்கு ஏதோ சொந்தக் காரணம்னு எழுதி ரிப்போர்ட்ட குடுத்திருவோம். யாரு பேரும் வேண்டாம்."

"அதக் கேட்டு எவன் நம்புவான்? நம்பாம இருக்கது எப்பிடின்னு எனக்குத் தெரியாதா பிள்ளே?" அவர் எழுந்தார். "நான் அவள நம்பல்ல. அந்தப் பையன ஊரு நம்பல்ல. இதுல ஒண்ணயாவது சரியாக்கலாம்."

ஹெல்மெட்டைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, பட்டப்பகலில், மைதானத்தின் நடுவழியாக நடந்தார். ரெனிஷா பின்னாலேயே ஓடினாள். ஜஸ்டஸ் நிமிர்ந்து பார்த்தார். பொடி டப்பா கையிலிருந்து விழுந்தது. கிளீட்டஸ் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் போய்த்தான் நின்றார்.

"ஞாயித்துக்கிழமதோறும் நான் வாரதுண்டு அத்தான். அவளுக்கு ஒரு திரி கொளுத்திட்டுப் போவேன். லிஜோ பாத்துட்டான். உனக்க கண்ணு அந்தப் பக்கம் போவாம இருக்கத்தான் அடிக்காம நின்னான். அவன் விலைபோவல்ல."

ஜஸ்டஸ் அறைந்த சத்தம் ஐஸ் பிளான்டு வரை கேட்டிருக்கும். கிளீட்டஸ் தடுமாறி நிமிர்ந்து, மறுபடியும் அதே இடத்தில் நின்றார். இரண்டாவது அறை விழவில்லை. ஜஸ்டஸின் கை ஓங்கியபடி நின்று, மெதுவாக இறங்கியது. மதிலைப் பார்த்தார், கல்லறைக் கேட்டருகே நின்ற லிஜோவைப் பார்த்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களையும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"சவம்" என்று திட்டினார் கடைசியில். யாரைச் சொன்னார் என்று ரெனிஷாவுக்கு விளங்கவில்லை. "ஓலை வாசிக்கட்டு. அவளுக்க அப்பன்ட்ட நான் பேசுகேன். ஏலே லிஜோ, நாளைக்கு வா, ஆடு." பிறகு கிளீட்டஸிடம், முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ இனி வரப்பிடாது."

"சரி" என்றார் கிளீட்டஸ்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் வண்டியை மெதுவாகவே ஓட்டினார். ஒரு கேஸை இவ்வளவு சரியாக முடித்துவிட்டு இவ்வளவு தோற்றுப்போன ஆளை ரெனிஷா பார்த்ததில்லை. கிளம்புவதற்கு முன்னால், டீக்குக் காசெடுக்கும்போது அவர் பெஞ்சில் வைத்த ஒன்றை எடுத்துக்கொண்டு, மதிலோரம் எதையோ மறந்துவிட்டேன் என்று சொல்லி ஓடிப்போய் லிஜோவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்ததை மட்டும் அவள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரிஜாவிடமிருந்து செய்தி வந்தது. ஓலை வாசித்தாயிற்று. சாயங்காலம் ரெனிஷா விடுதியில் இருப்புக்கொள்ளாமல் பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்தாள். கிளீட்டஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். போக ஓர் இடமும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் மேசையில் அணையாமல் கிடந்தது.

"எனக்க தீப்பெட்டியக் கண்டியா? நேத்துல இருந்து தேடுகேன்."

"ஆட்டம் பாப்போம் சாரே" என்று சொல்லி அவள் தன் போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சூசைத்துறை ஆட்டம் யூடியூபில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆனவர்கள் எண்பத்தெட்டு எடுத்திருந்தார்கள். ஆகாதவர்கள் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஏழாவது ஓவர். கோயில் பக்கத்தில் லிஜோ மட்டையோடு நின்றான்.

இரண்டாவது பந்தை அவன் இடது பக்கம் தூக்கி அடித்தான். பந்து மதிலைத் தாண்டிப் போய் சிலுவைகளுக்கு நடுவில் மறைந்தது. மைக்கில் ஒருவன் ஊளையிட்டான். லிஜோ மட்டையைக் கீழே வைத்தான், செருப்பைக் கழற்றினான், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனான். பிள்ளைகள் மதிலில் ஏறினார்கள். கேமரா அங்கே திரும்பியது. ஜஸ்டஸ் வேகமாக வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக அதட்டி இறக்கிவிட்டார். இறக்கிவிட்டு, மதிலுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

லிஜோ வரவில்லை. "பந்து கிடைக்கல்ல போல இருக்கு" என்றான் மைக் பிடித்தவன்.

"தீப்பெட்டி அவன்ட்ட இருக்கு" என்றாள் ரெனிஷா. "குச்சிய ஒடிச்சுப் போடச் சொல்லியிருக்கேன்."

கிளீட்டஸ் போனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் மதிலும் ஜஸ்டஸின் முதுகும்தான் தெரிந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரம் ஆவுதே. அவனுக்கு ரேட்டு ஏறாதா பிள்ளே?"

"ஏறாது சாரே" என்றாள் ரெனிஷா. "ஆட்டம் நின்னிருக்கு."